நிதானமே வாழ்வாகிய பெரியார்: மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்கள்

ஒரு செய்யுளடி எந்நூலின்கண் உள்ளதென்று அறியவேண்டின், இக்காலத்துக் கைப்பேசியில் நாலைந்து எழுத்துக்களைத் தட்டிய அளவில் விடை கண்முன் வந்து நிற்கின்றது. மாணாக்கர் அதனை எடுத்தெழுதிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுகின்றனர். அவ்வடி அங்ஙனம் பிழையின்றி வந்து நிற்றற்கு, அதன் பின்னே ஒருவர் எத்தனை இரவு விளக்கெரித்திருந்தார் என்பது அவர்க்குத் தெரியாது; தெரிந்துகொள்ளுதற்குப் பொழுதுமில்லை. பொழுதில்லை என்னுஞ் சொல் இன்று எல்லார் வாயினும் உளது. ஆதலின், வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தேடுதலிலும், ஒத்துப்பார்த்தலிலும், காத்திருத்தலிலும் செலவிட்டு, அதனால் ஒன்றும் இழந்தவராகாத உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் குமாரர் சாமிநாதையரவர்கள் சரிதத்தை, அவர்தம் நிதானம் என்னும் ஒரு குணத்தை முன்வைத்து ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றாம்.

ஐயரவர்கள் தஞ்சை நாட்டுப் பாபநாசத்துக்கு அணித்தாகிய உத்தமதானபுரத்தினர்; 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தனர். பிள்ளைப்பெயர் வேங்கடராமன். தந்தையார் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்துக் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணக் கதை சொல்லி, அன்பர் அளிப்பதைக்கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாயில்லை; நிலையான ஊருமில்லை. ஆயினும், மைந்தர்க்குத் தமிழில் வேட்கை மிகுந்தது கண்டு, எவ்வூரிற் பாடஞ் சொல்வார் உளரென்று கேட்டாலும் அவ்வூர்க்குக் குடியெடுத்துச் சென்றனர். அரியலூரிற் சடகோபையங்கார், குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை, கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என இங்ஙனம் ஒருவரை விட்டு ஒருவரிடமாகச் சிறிது சிறிதாகவே கல்வி வந்தது. யாப்பருங்கலக்காரிகை ஒன்றனைக் கேட்டற்கு ஓராண்டு காத்திருத்தல் அக்காலத்துப் புதுமையன்று. ஊரார் பலர், இப்பிள்ளை இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் வருமே, தமிழால் வருவது யாதென்று தந்தையாரை இடித்துரைத்தனர். தந்தையார்க்கும் அவ்வையம் இல்லாமற் போகவில்லை. எனினும் மைந்தர் மனம் வேறு எதனிலும் செல்லவில்லை.

1871-ஆம் ஆண்டில், பதினாறு வயது நிரம்பிய நிலையில், மாயூரத்தில் எழுந்தருளியிருந்த மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தனர். அடைந்தவுடன் பாடம் மழைபோற் பொழியப்படும் என்று எண்ணிச் சென்றவர்க்கு, முதலிற் கிட்டியது காத்திருத்தலே. பிள்ளையவர்களுக்குப் புராணம் பாடும் பணியும், வருவார்க்கு விடைகூறும் பணியும், கடன்காரர் தொல்லையும் ஓயா. விடியற்காலையில் மட்டும் அவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் உலாவி, வைத்த மரஞ்செடிகள் தளிர்த்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்வது வழக்கம். மாணாக்கர் இதனை உற்றுணர்ந்து, ஆசிரியர்க்கு முன்னரே எழுந்து, எந்தச் செடியில் எங்கே புதுத்தளிர் விட்டிருக்கின்றது என்று தேடிக் கண்டு வைத்துக்கொண்டு, அவர்கள் வந்தபோது காட்டுவாராயினர். சில நாளிற் பிள்ளையவர்களே தளிர் எங்கேயுளதென்று இவரை வினவுவாராயினர். அந்தக் காலைப்பொழுது மெல்லப் பாடங்கேட்கும் பொழுதாகவும் மாறிற்று. பிற்காலத்துச் செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்தின் தலைக்கட்டையும் விடாமற் பார்த்த கண்கள், அத்தோட்டத்திலே தளிர் தேடிப் பழகிய கண்களே என்பது எம் கருத்து. இதனை மிகையென்பார் என்னட்டும்.

வேங்கடராமன் என்னும் பெயர் சாமிநாதன் என மாறியதும் அங்கேதான். ஆசிரியர் விரும்பி இட்டழைத்த பெயர் அது. உலகம் அப்பெயரையே கொண்டது.

அந்நாளைப் பாடமுறை இக்காலத்தார்க்கு விளங்குதல் அரிது. ஒரு நூலை எடுத்தால் அதனை முதற் செய்யுள் தொடங்கி இறுதிச் செய்யுள்வரை கேட்டல் வேண்டும். தேர்வுக்குரிய பகுதி, தேர்வுக்குரியதல்லாத பகுதி என்னும் பகுப்பில்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், உலா, கோவை, தலபுராணம் என்று ஒவ்வொன்றாய்ச் செல்லும். இத்தனை திங்களில் முடித்தல் வேண்டும் என்று விதிப்பாரும் இலர். முடித்தமைக்குச் சான்றிதழ் தருவாரும் இலர். இன்னொன்று கூறல் வேண்டும். பிள்ளையவர்கள் செய்யுள் இயற்றுவதோ மிக விரைவு. அவர்கள் வாயினின்று வருஞ் செய்யுட்களை எழுத்தாணி பிடித்த மாணாக்கர் எழுதி முடித்தல் அரிதாகும். இதனை நோக்கி, நிதானத்துக்கு இவர்கள் எடுத்துக்காட்டாவது எங்ஙனம் என்று ஒருவர் கடாவலாம். ஏரி நிரம்பப் பல காலம் மழை பெய்தல் வேண்டும். மதகு திறந்தபின் நீர் பாய்தற்கு நாழிகை வேண்டா. பிள்ளையவர்கள் விரைவு மதகு திறந்த விரைவு. அதனைக் கண்டு மழைக்காலத்தை வேண்டாமென்று சொல்லுதல் அறியாமை.

பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியமையின், ஐயரவர்களும் உடன்சென்று அம்மடத்தின் நிழலில் இருந்து பயின்றனர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல்நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தனர். அதன்பின் ஆதீனத் தலைவர் ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்கள் இவரைக் கைவிடாது தாமே பாடஞ்சொல்லியும், மடத்து மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லுமாறு பணித்தும் ஆதரித்தனர். ஆசிரியரை இழந்த இருபத்தோராண்டு இளைஞரை அங்ஙனம் தாங்கியிராவிடின், பின்னர் நிகழ்ந்தவை நிகழ்ந்திரா என்பதில் ஐயமில்லை.

1880-ஆம் ஆண்டு தொடக்கத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வுபெறுங்கால், தம் ஆசிரியரின் மாணாக்கராகிய இவரையே அவ்விடத்தில் அமர்த்துவித்தனர். இங்கே வாழ்வின் நடை மாறிற்று. மடத்தில் ஒரு செய்யுளின் சுவை தீருமளவும் பாடம் நடக்கும். கல்லூரியில் மணியடித்தால் பாடம் நின்றுவிடும். பரீட்சைக்கு வகுத்த பாடத்தை வகுத்த நாளுக்குள் முடித்தல் வேண்டும். ஐயரவர்கள் அம்முறையை இகழவில்லை. மணிக்குரிய வேலையை மணிக்குட் செவ்வனே செய்து, மாணாக்கர் மனத்தையும் கவர்ந்தனர். ஆயினும், மணியடித்தபின் வீட்டிலே அவர்க்குத் தொடங்கிய வேலைக்கு மணியில்லை.

அவ்வேலை தொடங்கிய நாளும் தெரிந்ததே. 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரவர்களைக் காணச் சென்றனர். முதலியார், என்னென்ன படித்திருக்கின்றீர் என்று வினவ, ஐயரவர்கள் தாம் கேட்ட நூல்களின் பெயர்களை வரிசைப்படுத்தினர். அந்தாதிகள் சொல்லப்பட்டன, பிள்ளைத்தமிழ்கள் சொல்லப்பட்டன, புராணங்கள் சொல்லப்பட்டன, கம்பராமாயணமும் சொல்லப்பட்டது. முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியுமில்லை. இவையெல்லாம் பிற்கால நூல்களல்லவா, இவற்றின் முன்னுள்ளனவாகிய சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்பனவற்றைப் படித்ததுண்டோ என்பதே அவர் கேள்வி. அந்நூல்களை ஐயரவர்கள் அதுகாறும் கண்டதுமில்லை. பத்தாண்டுக் கல்வியை ஒருவர் ஒரு வினாவால் ஒதுக்கிவிட்டாரென்று வெகுண்டு எழுந்துவந்திருத்தல் எளிது. அந்நூல் கிடைக்குமாயிற் படித்துப் பார்ப்பேன் என்னும் அளவிலே விடைகூறி, மறுபடியுஞ் சென்றனர். முதலியாரும் தம்பாலிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அளித்தனர்.

அப்பிரதியை விரித்தபோது, கற்ற கல்வி முழுதும் கைகொடாதுபோல் இருந்தது. சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றியது. 13 இலம்பகமும் 3145 செய்யுளும் உடையது. நச்சினார்க்கினியர் உரை பெற்றது. சமண சமயக் குறியீடுகள் பல சைவ மடத்திற் பயின்றார்க்குப் புலனாகா. பொருள் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேற்செல்லாது, ஐயரவர்கள் கும்பகோணத்திலிருந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்கத் தொடங்கினர். ஒருநாள் அத்தகைய வீடொன்றில் மாக்கோலமும் தோரணமும் விளங்கக் கண்டு, என்ன விசேடமென்று வினவ, பல திங்களாக அவ்வீட்டில் நடைபெற்றுவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்திற்றென்றனர். தமிழ் வித்துவான்களே பெயரளவில் அறிந்த ஒரு காவியத்தை, அங்கே ஒரு குடும்பத்தார் நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதி, முடிந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடினர். ஐயரவர்கள் அவர்கள் முன் மாணாக்கரைப்போல் அமர்ந்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டனர்.

ஏட்டைப் படித்தல் என்பது இக்காலத்து அச்சுப் புத்தகத்தைப் படித்தல் போல்வதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுளுக்கும் உரைக்கும் இடைவெளி விடாமல் ஒரே நீட்டாக எழுதிச் செல்வர். உரைக்குள் மேற்கோள் வந்தால் அது தொடங்குமிடமும் முடியுமிடமும் தெரியா. எழுதினவர் களைத்தபோது ஒரு வரியைத் தாண்டிவிடுதலும், கீழே அதே சொல் மீண்டும் வருமிடத்தில் இடையிலுள்ளதை விட்டுவிடுதலும் உண்டு. இவற்றின்மேல் இராமபாணப் பூச்சி துளைத்த துளைகளும், ஓரம் முறிந்த முறிவுகளும் வேறு. ஒரு பிரதியை மட்டும் நம்பி அச்சிடுவோர்க்கு இவையெல்லாம் ஒரு தடையல்ல. தெரிந்ததை எழுதித் தெரியாததை மாற்றிவிடலாம். ஐயரவர்கள் ஊரூராய்த் தேடிப் பல பிரதிகளைச் சேர்த்து, ஒருவர் ஒன்றை வாசிக்க, மற்றையோர் தத்தம் கையிலுள்ளதனோடு ஒத்துநோக்கி, வேறுபாடு கண்டவிடமெல்லாம் குறித்துக்கொள்ளும் முறையை மேற்கொண்டனர். ஒருநாள் முழுதும் முயன்று சில செய்யுட்களே நிறைவேறுதலும் உண்டாம்.

நச்சினார்க்கினியர் உரையிலே எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் பெரும்பாலும் நூற்பெயரின்றி வருகின்றன. அவ்வடி எந்நூலினது என்று தெரிந்தாலன்றி அதன் பொருள் துணியப்படாது. அதனால் கிடைத்த பழைய ஏடுகளையெல்லாம் படித்து, ஒவ்வொன்றிலும் வருஞ் சொற்களையும் அரிய செய்திகளையும் அகராதிபோற் குறித்துவைக்கத் தொடங்கினர். ஒரு சிந்தாமணியை விளங்கிக்கொள்ளுதற்கெனப் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் படித்தனர். படித்தபோது அவையே வேறோர் உலகமாகத் தோன்றின. நேர்வழியே ஓடியிருந்தால் இவ்வுலகம் அவர் கண்ணிற் பட்டிராது. சுற்றிச் சென்றமையாற் பட்டது. சிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் அச்சேறியபோது ஏழாண்டு கழிந்திருந்தது. அதற்குள் கல்லூரி வேலையும், கையொப்பக்காரரைத் தேடும் வேலையும், காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பொருள் தேடும் வேலையும் நடந்தன. விடுமுறை வந்தாற் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்தில் அமர்வர். மற்றைக் காலத்தில் புரூபுகள் தபாலிற் போய் வரும்.

ஈண்டு ஒரு தடையை எழுப்பிக்கொள்ளல் வேண்டும். ஓலைகளோ நாள்தோறும் அழிந்துகொண்டிருந்தன. வீடு எரிகின்றபோது நிதானம் பேசுவாருண்டோ? மெல்லச் செய்தல் இங்கே குற்றமன்றோ? இஃது எளிதில் ஒதுக்கத்தக்க தடையன்று. ஐயரவர்களையே வருத்திய தடை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பாண்டியர் மரபினர் ஒருவர் தொகுத்துவைத்த சுவடிகள் இருப்பதாகக் கேட்டு ஆவலோடு சென்றபோது, பழைய ஏடுகளை நெருப்பிலிடுதல் ஆகம விதி என்று சொல்லி அவற்றை எரித்துவிட்டமை தெரியவந்தது. வேறு பலவிடங்களில் ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டுவிடுதல் வழக்கமாயிருந்தது. புனிதமான பொருளைக் காலில் மிதிபடவிடாது போக்குகின்றோம் என்பதே செய்தார் எண்ணம். அவரைக் கொடியரென்று யாம் கூறோம். ஆயினும் அழிந்தது அழிந்ததே.

இத்தடைக்கு விடை ஐயரவர்கள் ஒழுகிய முறையிலேயே உளது. ஏட்டைத் தேடிச் செல்லுதலில் அவர் ஒருநாளுந் தாழ்க்கவில்லை. விடுமுறை விட்ட நாளே புறப்படுவர். புகைவண்டி செல்லுமளவும் புகைவண்டியிலும், அப்பால் மாட்டுவண்டியிலும், வண்டி செல்லாதவிடத்து நடந்தும் செல்வர். திருநெல்வேலிச் சீமையில் கவிராயர் வீடுகளை ஒன்றுவிடாமற் பார்த்தனர். ஆழ்வார்திருநகரியில் நாட்கணக்காகத் தேடியும் பத்துப்பாட்டுக் கிடையாது மனமுடைந்திருந்த நிலையில், இலக்குமண கவிராயர் என்பார் தம் மாமனார் வீட்டிலிருந்து கொணர்ந்து கொடுத்த சுவடியில் அதனைக் கண்டனர். தேடுவதில் இவ்வளவு விரைந்தவர், தேடிக் கொணர்ந்ததை அச்சிற் கொடுப்பதில் மட்டும் விரையவில்லை. ஏடு கைக்கு வந்தபின் பூச்சிக்கு அஞ்சவேண்டுவதில்லை. அதன்பின் அஞ்சவேண்டுவது பதிப்பிப்பானுடைய அவசரத்துக்கே. பூச்சி அரித்தவிடம் துளையாகத் தெரியும். அவசரக்காரன் நிரப்பியவிடம் துளையாகத் தெரியாது, அதுதான் பெருங்கேடு.

குறிஞ்சிப்பாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 261 அடியுள்ள அப்பாட்டில், தலைவியுந் தோழியுங் கொய்து குவித்த 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதி, கிடைத்த பிரதிகளிற் சிதைந்திருந்தது. மலர்ப்பெயர் அறிந்த புலவர் ஒருவர்க்கு அந்த இடைவெளியை யாப்பமைதி கெடாமல் நிரப்பித்தருதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. எவருங் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். ஐயரவர்கள் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்துக்கொண்டு தேடினர். தருமபுர ஆதீனத்துச் சுவடிகளுள், கட்டுக் குலைந்து கலந்துகிடந்த உதிரி ஏடுகளைப் பொறுமையோடு ஒவ்வொன்றாய்ப் புரட்டியபோது அவ்வடிகள் வெளிப்பட்டன. பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

சைவராகிய இவர் சமண நூலையும் பௌத்த நூலையும் பரப்புதல் தகுமோ என்று அந்நாளிற் சிலர் குறைகூறினர். திருவாவடுதுறை மடத்துப் பிரதிகளே சிந்தாமணிப் பதிப்புக்கு உதவின என்பதும், தேசிகரவர்கள் அம்முயற்சியை உவந்து ஆதரித்தார்களென்பதும் அக்குறைக்குத் தக்க மறுமொழியாம். புறச்சமயக் கொள்கையை அறியாது மறுத்தல் சித்தாந்த மரபுமன்று.

இனி, நிதானத்துக்கு ஐயரவர்கள் கொடுத்த விலையையுஞ் சொல்லாதொழிதல் நேர்மையாகாது. முதலியார் அன்று வினவிய மூன்றனுள் மணிமேகலை இறுதியிலே வந்தது. பௌத்த மதக் கருத்துக்கள் செறிந்த அந்நூலை, அம்மதத்தை முறையாக அறியாமல் வெளியிடுதல் கூடாதென்று துணிந்து, கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த மளூர் ரங்காசாரியரவர்கள் வாயிலாக ஆங்கிலத்திலுள்ள பௌத்த நூற்செய்திகளைக் கேட்டுக்கேட்டுக் குறித்தனர். இதற்கிடையே 1894-ஆம் ஆண்டில் மயிலை சண்முகம் பிள்ளையவர்கள் மணிமேகலை மூலத்தை வெளியிட்டனர். அப்பதிப்பும் நன்றிக்குரியதே, நூல் உலகிற்குத் தெரியவந்தது. ஐயரவர்களின் நண்பர்கள், பிறர் முந்திவிட்டாரே என்று வருந்தியிருத்தல் கூடும். ஐயரவர்கள் தம் வேலையின் நடையை மாற்றவில்லை. 1898-ஆம் ஆண்டிலே, அரும்பதவுரையும், புத்தர் சரிதம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்பவற்றைத் தெளிவாக விளக்கும் பகுதிகளும் கூடிய பதிப்பு வெளிவந்தது. முதலியார் வினவிப் பதினெட்டாண்டு ஆயிற்று. வினவிய முதலியாரோ 1892-ஆம் ஆண்டிலேயே காலமாயினர். அவர் கையில் அப்புத்தகத்தைக் கொடுக்கும் பேறு ஐயரவர்களுக்குக் கிட்டவில்லை. விரைந்திருந்தால் கிட்டியிருக்கும். அங்ஙனம் கொடுக்கும் புத்தகம் எத்தகையதாயிருக்கும் என்பது வேறு வினா. யாம் இவ்விரண்டையும் தராசிலிட்டுத் தீர்ப்புக் கூற விரும்பவில்லை; மெல்லச் செய்வார்க்கு இத்தகைய துயரும் உண்டென்பதை மறைத்தல் ஆகாது என்பதே கருத்து.

இடையில் சிலப்பதிகாரம் 1892-ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1903-ஆம் ஆண்டில் ஐயரவர்கள் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919-ஆம் ஆண்டு வரை அங்கே பணியாற்றினர். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராகவும் இருந்தனர். சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று தமக்கு வேலை தந்தவர் பெயரை இட்டதொன்றே இவற்றுள் எம் நெஞ்சை மிகத் தொடுகின்றது.

ஒரு நூலைப் பதிப்பித்தவுடன் அதனைத் தலைமுழுகிவிடும் இயல்பு அவரிடம் இல்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இலும், மூன்றாம் பதிப்பு 1922-இலும் வந்தன. ஒவ்வொரு முறையும் இடையிற் கிடைத்த பிரதிகளைக்கொண்டு திருத்தியும், புதிதாகத் தெரிந்த மேற்கோளிடங்களைச் சேர்த்தும் வெளியிட்டனர். இருபத்தைந்தாம் வயதிற் கையிலெடுத்த நூலை அறுபத்தேழாம் வயதிலும் மாணாக்கரைப்போலவே படித்துக்கொண்டிருந்தனர் என்றாயிற்று.

குறுந்தொகையின் காலத்தை நோக்குக. அதனைச் சௌரிப்பெருமாள் அரங்கனாரவர்கள் 1915-ஆம் ஆண்டிற் புத்துரையோடு வெளியிட்டனர். ஐயரவர்களும் பல்லாண்டாகவே அந்நூலைப் பயின்றுவந்தவர். பழைய உரைகளோ மறைந்துவிட்டன. உரையில்லாத நூலுக்குத் தாமே உரைகாணவேண்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் பதவுரை, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என்பன எழுதி, 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்போது அவர்க்கு அகவை எண்பத்திரண்டு. அவ்விசேடவுரையிலே சிற்சில சொற்களுக்கு அவர் காட்டும் ஒப்புமைகளைக் காணுந்தோறும், இவை ஓராண்டிலோ ஈராண்டிலோ திரட்டப்பட்டனவல்ல என்பது புலனாகும். அரை நூற்றாண்டாகக் குறித்துவைத்த குறிப்புக்கள், உரிய இடம் வந்தபோது தாமே வந்து அமர்ந்திருக்கின்றன.

தம் ஆசிரியர் சரிதத்தை எழுதுதல் வேண்டுமென்னும் கடன் அவர் நெஞ்சை விட்டு அகலாதிருந்தது. பிள்ளையவர்கள் மறைந்தது 1876-இல். ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற்பாகம் வெளிவந்தது 1933-இல். இரண்டாம் பாகம் அடுத்த ஆண்டில். ஐம்பத்தேழாண்டு! ஆசிரியர் இறந்த மறுதிங்களே ஒரு சிறு புத்தகம் எழுதியிருத்தல் கூடும். அதிற் புகழ்ச்சி நிறைந்திருக்கும். பின்னர் வந்த நூலிலே, பிள்ளையவர்கள் எவ்வூரில் எப்பொழுது இருந்தார்கள், எவர் கேட்க எந்நூலைப் பாடினார்கள், எவர் கடன் கொடுத்தனர், மாணாக்கர் யார்யார், உணவுக்குப் பட்ட இடர் யாது என்பவையெல்லாம் ஊரூராய்க் கேட்டும், பழைய கடிதங்களைத் தொகுத்தும் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் ஒரு புலவர் வரலாறு அங்ஙனம் எழுதப்பட்டது அதற்குமுன் இல்லை.

தம் சரிதத்தை எழுதுமாறு அன்பர் பலர் வேண்டியபோதும் நெடுங்காலம் தட்டிக்கழித்தே வந்தனர். 1940-ஆம் ஆண்டு சனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கிற்று. எண்பத்தைந்து அகவைக் கிழவர், வாரந்தவறாமற் செய்தி வேண்டும் பத்திரிகையொன்றன் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்தார் என்பது வியப்பன்றோ! மாணாக்கர் கி. வா. ஜகந்நாதனவர்கள் உடனிருந்து துணைபுரிந்தனர். ஆயினும் பத்திரிகையின் வேகம் கதையினுள் நுழையவில்லை. அதிலே உத்தமதானபுரத்தின் தெருவும், மாயூரத்துத் தோட்டமும், மடத்துப் பந்தியும், வண்டிப் பயணமும் தத்தமக்குரிய நடையிலேயே செல்கின்றன. வாழ்வின் முதற் பதினாறாண்டுகளுக்கே பல வாரங்கள் சென்றன.

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தபயத்தாற் சென்னை நகரினர் பலர் வெளியேறுவாராயினர். ஐயரவர்களும் திருவல்லிக்கேணியை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்தனர். அறுபதாண்டாக ஊரூராய்ச் சென்று சேர்த்த சுவடிகளுக்கு ஒரு தீங்கும் நேராதிருத்தல் வேண்டும் என்பதே அப்போதும் அவர் கவலை. அவ்வூரிலேயே ஏப்ரில் 28-ஆம் நாள் அவர் வாழ்வு முடிந்தது. மறு ஆண்டில் ருக்மிணி தேவியாரவர்கள் முயற்சியால் அவர் பெயராலேயே அடையாற்றில் நூல்நிலையம் நிறுவப்பெற்று, அச்சுவடிகள் அங்கே வைக்கப்பட்டன. பின்னர் அது பெசன்ட் நகருக்கு மாறிற்று. என் சரித்திரம் 122-ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. 1950-ஆம் ஆண்டில் அஃது அவ்வளவிலேயே புத்தகமாயிற்று. மணிமேகலை வெளிவந்த காலத்தையொட்டி அக்கதை நிற்கின்றது. அதற்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளை அவர் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.